வீட்டுக் கடனும் இணையக் கணிப்பானும்: கையொப்பமிட முன் ஒரு கணக்கு

எமது வியாபாரிகளுக்குக் கணக்குப் புதிதல்ல. ஒரு மூடை சீனியில் எத்தனை கிலோ குறையும், கடனுக்குக் கொடுத்த சரக்கின் பணம் எத்தனை நாளில் கைக்கு வரும், பெருநாளைக்கு எந்தத் துணி ஓடும், எது தேங்கும் என்பதையெல்லாம் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். கிலோவுக்கு ஐந்து ரூபா குறைப்பதற்காக மொத்த வியாபாரியோடு அரை மணி நேரம் பேரம் பேசவும் தயங்க மாட்டார்கள். ஆனால் வாழ்நாளிலேயே ஆகப் பெரிய கொள்வனவான வீட்டுக்காக வங்கிக்குப் போகும்போது மட்டும், "மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்ற ஒரேயொரு கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். சொல்லப்படும் தொகை கையைக் கடிக்காது என்று தோன்றினால் கையொப்பம் விழுந்துவிடுகிறது. மொத்தமாக எவ்வளவு போகும், இடையில் கையில் பணம் சேர்ந்தால் என்ன செய்யலாம், வீதம் கூடினால் என்னவாகும் என்ற கேள்விகள் கேட்கப்படுவதேயில்லை.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கருவி இன்று இலவசமாகவே கிடைக்கிறது. இணையத்திலுள்ள கடன் கணிப்பான்களைத்தான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இவற்றை மோர்ட்கேஜ் கல்குலேட்டர் என்பார்கள். எமது நாட்டு வங்கிகள் பலவற்றின் இணையத்தளங்களிலும் இவை உண்டு. கைத்தொலைபேசியிலேயே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். எனினும் கருவி இருப்பது வேறு, அதனிடம் சரியான கேள்வியைக் கேட்பது வேறு.

வட்டி பற்றிய மார்க்கத் தீர்ப்பை இந்தப் பத்தி பேசப் போவதில்லை. அதற்குரியவர்கள் உலமாக்கள். ஏற்கெனவே வட்டிக் கடனொன்றில் இருந்துகொண்டு அதிலிருந்து விரைவாக வெளியேற வழி தேடுவோரும் எம்மில் உண்டு. இஸ்லாமிய வங்கி முறையில் வீடு வாங்கியிருப்போரும் உண்டு. இரு சாராருக்கும் கணக்கு அவசியம். முதலில் சாதாரண வங்கிக் கடனை வைத்துக் கணக்கைப் புரிந்துகொண்டு, பின்னர் இஸ்லாமிய முறையில் எது மாறும், எது மாறாது என்று பார்ப்போம்.

கணிப்பான் கேட்கும் மூன்று எண்கள்

எந்தக் கணிப்பானைத் திறந்தாலும் அடிப்படையில் மூன்று எண்களைத்தான் கேட்கும்: கடன் தொகை, ஆண்டு வட்டி வீதம், கடன் காலம். இவற்றைக் கொடுத்தால் மாதத் தவணையைச் சொல்லும். நல்ல கணிப்பான் அத்தோடு நிற்காது. ஒவ்வொரு மாதமும் தவணையில் எவ்வளவு வட்டிக்குப் போகிறது, எவ்வளவு கடனைக் குறைக்கிறது, மீதி எவ்வளவு என்று முழு அட்டவணையையும் விரித்துக் காட்டும். அந்த அட்டவணை இல்லாத கணிப்பான் உங்களுக்குப் பாதி வேலையைத்தான் செய்கிறது. மேலதிகக் கொடுப்பனவை இடுவதற்கான கட்டம் உள்ள கணிப்பானையே தேடிப் பிடியுங்கள்.

எண்களை இடும்போது பூச்சியங்களில் கவனம் தேவை. நாம் இலட்சத்தில் பேசுகிறோம். கணிப்பான்கள் மில்லியனில் எழுதுகின்றன. அறுபது இலட்சம் என்பது 6,000,000. ஒரு பூச்சியம் விடுபட்டால் தவணை மிக இலேசாகத் தெரியும். அந்த மகிழ்ச்சி வங்கியில் போய் உட்கார்ந்ததும் கலைந்துவிடும்.

தவணைக்குள் என்ன இருக்கிறது?

ஒரு வியாபாரி 60 இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 15 வருடங்களுக்குப் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட வீதம். உங்கள் வங்கி சொல்லும் வீதத்தை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். கணிப்பான் காட்டும் மாதத் தவணை 72,010 ரூபா. 180 மாதங்களில் கட்டி முடிக்கும் மொத்தத் தொகை ஏறத்தாழ 1 கோடி 29 இலட்சத்து 62 ஆயிரம் ரூபா. அதாவது வாங்கியது 60 இலட்சம், அதற்கு மேலாகக் கொடுப்பது ஏறத்தாழ 69 இலட்சத்து 62 ஆயிரம்.

அட்டவணையின் முதலாவது வரியைப் பாருங்கள். 60 இலட்சத்துக்கு ஒரு மாத வட்டி ஒரு சதவீதம், அதாவது 60,000 ரூபா. கட்டிய 72,010 ரூபாவில் கடனைக் குறைப்பது வெறும் 12,010 ரூபா மட்டுமே. முதலாம் வருடம் முழுவதும் 864,000 ரூபாவுக்கு மேல் கட்டியும் கடன் குறைவது ஏறத்தாழ 152,000 ரூபாதான். ஐந்து வருடங்களில் 43 இலட்சம் ரூபா கட்டி முடித்தவருக்கு இன்னும் 50 இலட்சத்து 19 ஆயிரம் மீதி இருக்கும். பத்து வருடங்கள், அதாவது மூன்றில் இரண்டு பங்கு காலம் முடிந்த பின்னும் மீதி 32 இலட்சத்து 37 ஆயிரம். பாதிக் கடன்கூடத் தீரவில்லை. தவணையில் வட்டியை விடக் கடனுக்குப் போகும் பங்கு கூடுவது 112 ஆவது மாதத்தில்தான்.

"இத்தனை வருடம் கட்டினேனே, வங்கி ஏமாற்றிவிட்டது" என்று ஐந்தாம், ஆறாம் வருடத்தில் சிலர் குமுறுவதற்குக் காரணம் இதுவே. பெரும்பாலும் இங்கே ஏமாற்று எதுவுமில்லை. மீதித் தொகை பெரிதாக இருக்கும்போது வட்டியும் பெரிதாக இருக்கும். மீதி குறையக் குறைய வட்டி குறையும். தவணை மட்டும் மாறாமல் இருக்கும். ஆரம்ப வருடங்கள்தான் விலை கூடிய வருடங்கள் என்பதே இதன் சாரம். மேலதிகமாகக் கட்டுவது பற்றிய முழுக் கணக்கும் இந்த ஒரு உண்மையில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மாதம் பத்தாயிரம் கூடுதலாகக் கட்டினால்

அதே வியாபாரி முதல் மாதத்திலிருந்தே தவணையோடு 10,000 ரூபா கூட்டி 82,010 ரூபாவாகக் கட்டுகிறார் என்று கணிப்பானில் இட்டுப் பாருங்கள். 180 மாதக் கடன் 133 மாதங்களில் முடிகிறது. மூன்று வருடமும் பதினொரு மாதமும் மிச்சம். வட்டியாகப் போகவிருந்ததில் ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா மிஞ்சுகிறது. இதற்காக அவர் கூடுதலாகக் கொடுத்தது மாதத்துக்குப் பத்தாயிரம்தான். ஒரு நாளைக்குக் கணக்குப் பார்த்தால் 330 ரூபா அளவில் வரும். கடையில் தேநீருக்கும் சிற்றுண்டிக்கும் போகும் பணம் அது.

இந்தப் பத்தாயிரம் ஏன் இவ்வளவு பலமாக வேலை செய்கிறது? வழக்கமான தவணையில் பெரும் பங்கை வட்டி விழுங்கிவிடுகிறது. அந்த மாத வட்டி ஏற்கெனவே தீர்ந்துவிட்டதால், மேலதிகமாகக் கட்டும் ஒவ்வொரு ரூபாவும் நேரடியாகக் கடனையே வெட்டுகிறது. முதல் மாதத்தில் 12,010 ரூபா மட்டுமே குறையவிருந்த கடன், பத்தாயிரம் சேர்ந்ததும் 22,010 ரூபாவால் குறைகிறது. ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம்.

ஐந்து இலட்சம் கையில் வந்தால்

வியாபாரியின் வருமானம் உத்தியோகத்தரின் சம்பளம் போல் மாதா மாதம் ஒரே அளவில் வருவதில்லை. நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு, ஆண்டிறுதி என்று சில மாதங்களில் பெருக்கெடுக்கும். மற்ற மாதங்களில் கடை வாடகைக்கே இழுபறி. இப்படிப்பட்டவருக்கு மாதாந்தம் கூட்டிக் கட்டுவதை விட, பருவ வியாபாரம் முடிந்ததும் மொத்தமாக ஒரு தொகையைக் கட்டுவதே பொருத்தமாக இருக்கலாம்.

மேலே சொன்ன கடனில் முதலாம் வருட முடிவில் 5 இலட்சம் ரூபாவை மொத்தமாகக் கட்டி, தவணையை அதே 72,010 ஆக வைத்துக்கொண்டால், கடன் 31 மாதங்கள் முன்னதாக முடியும். வட்டியில் மிஞ்சுவது ஏறத்தாழ 17 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா. அதே 5 இலட்சத்தைப் பத்தாம் வருட முடிவில் கட்டினால் மிஞ்சுவது ஏறத்தாழ 3 இலட்சத்து 60 ஆயிரம் மட்டுமே. பணம் ஒன்றுதான், கடன் ஒன்றுதான். கட்டிய காலம்தான் வேறு. "கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு விலை எவ்வளவு என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்கின்றன.

பருவ வருமானத்தை நம்பித் திட்டமிடுவோர் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வங்கியின் நாட்காட்டி ஆங்கில வருடம்; நோன்பு வியாபாரத்தின் நாட்காட்டி பிறை. ஹிஜ்ரி வருடம் ஏறத்தாழ 11 நாள் குறைவானது என்பதால், 15 வருடக் கடன் காலத்தில் நோன்பு மாதம் ஐந்தரை மாதமளவு முற்பட்டு வந்துவிடும். 2030 ஆம் ஆண்டில் நோன்பு ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பர் இறுதியில் மறுமுறையும் ஆரம்பமாகும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. "ஒவ்வொரு ஏப்ரலிலும் இரண்டு இலட்சம்" என்று கணிப்பானில் நிரந்தரமாக இட்டுவைப்பது இதனால் எமக்குச் சரிவராது. சில வருடங்களில் பெருநாள் வியாபாரமும் ஆண்டிறுதி வியாபாரமும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து, இரண்டு வருமானங்கள் ஒன்றாகச் சுருங்கும். இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை திட்டத்தைத் திருத்தி எழுதுங்கள்.

தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா?

மொத்தமாகப் பணம் கட்டுபவர்களில் பலர் தவறவிடும் இடம் இதுதான். ஐந்து இலட்சத்தை வங்கியில் கட்டிவிட்டால் மட்டும் போதாது. அதை எப்படிக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டும். வங்கி இரண்டில் ஒன்றைச் செய்யலாம். தவணையை மாற்றாமல் கடன் காலத்தைக் குறைக்கலாம். அல்லது காலத்தை மாற்றாமல் தவணையைக் குறைக்கலாம்.

முதலாவது வழியில் வட்டியில் மிஞ்சுவது 17 இலட்சத்து 75 ஆயிரம் என்று பார்த்தோம். இரண்டாவது வழியில் தவணை 72,010 இலிருந்து ஏறத்தாழ 65,850 ஆகக் குறையும். மாதம் 6,157 ரூபா கைக்கு மிஞ்சும். ஆனால் கடன் அதே 15 வருடங்களும் ஓடும். வட்டியில் மிஞ்சும் தொகை ஏறத்தாழ 5 இலட்சத்து 34 ஆயிரம் மட்டுமே. வியாபாரம் நெருக்கடியில் இருந்தால் இரண்டாவது வழியும் தவறல்ல. மூச்சுவிட இடம் கிடைக்கும். ஆனால் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவதாக ஓர் ஆபத்தும் உண்டு. சில இடங்களில் மேலதிகப் பணத்தை எதிர்வரும் தவணைகளுக்கான முற்பணமாக ஒதுக்கி வைத்துவிடுவார்கள். அப்படியானால் கடன் மீதி உடனடியாகக் குறையாது; வட்டியும் குறையாது. ஆகவே பணம் கட்டும்போது, "இத்தொகையைக் கடன் மீதியிலிருந்து நேரடியாகக் கழித்து, மாதத் தவணையை மாற்றாமல் கடன் காலத்தைக் குறைத்துத் தரவும்" என்று எழுத்தில் கடிதம் கொடுங்கள். பிரதியில் வங்கியின் முத்திரையையும் பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கூற்றில் மீதி குறைந்திருக்கிறதா என்று கணிப்பானின் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீதம் மாறினால்?

கணிப்பான் தரும் விடை, நீங்கள் இட்ட வீதம் இறுதி வரை மாறாது என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. இலங்கையில் நீண்டகால வீட்டுக் கடன்கள் பல அப்படி இருப்பதில்லை. முதல் சில வருடங்களுக்கு நிலையான வீதம். அதன் பின்னர் மத்திய வங்கி வாரந்தோறும் வெளியிடும் சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன் வழங்கல் வீதத்தோடு இத்தனை சதவீதம் கூட்டி என்று ஒப்பந்தத்தின் உட்பக்கத்தில் எழுதியிருக்கும்.

இதன் பொருள் என்ன என்பதை 2022 ஆம் ஆண்டு நாடே பார்த்தது. அந்த வருடம் ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. 2021 இறுதியில் 9 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த முதன்மைக் கடன் வழங்கல் வீதம் 2022 இறுதியில் 27 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2023 ஜூன் மாதத்திலிருந்து கொள்கை வீதங்கள் குறைக்கப்பட, நிலைமை படிப்படியாக இறங்கியது. ஆனால் இடைப்பட்ட காலத்தில், மாறும் வீதத்தில் கடன் எடுத்திருந்தவர்கள் பட்டபாட்டை வியாபார வட்டாரங்களில் அறியாதவர் இல்லை.

எனவே கையொப்பமிட முன் அதே கடனை மூன்று வீதங்களில் போட்டுப் பாருங்கள். 60 இலட்சம், 15 வருடங்கள்: 12 சதவீதத்தில் தவணை 72,010 ரூபா. 16 சதவீதத்தில் 88,122 ரூபா. 20 சதவீதத்தில் 105,378 ரூபா. மூன்றாவது தொகையைக் கேட்டதும் நெஞ்சு பதறினால், உங்கள் வருமானத்துக்கு அந்தக் கடன் பெரிது என்று பொருள். கடன் தொகையைக் குறைப்பதா, இன்னும் ஒரு வருடம் பொறுத்து முற்பணத்தைக் கூட்டுவதா என்று அப்போதே யோசிக்கலாம்.

வீதம் கூடிய பின்னரும் "பழைய தவணையையே கட்டுகிறேன், காலத்தை நீட்டித் தாருங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. 60 இலட்சத்துக்கு 14.4 சதவீத வீதத்தில் மாத வட்டி மட்டும் 72,000 ரூபா. அதாவது கட்டும் தவணை முழுவதும் வட்டிக்கே போய்விடும், கடன் அசையாது. அதற்கு மேல் வீதம் ஏறினால், மாதம் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கும்போதே கடன் வளரும்.

இஸ்லாமிய வங்கி முறையில் இக்கணக்கு பொருந்துமா?

2005 ஆம் ஆண்டு வங்கிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் இலங்கையில் இஸ்லாமிய வங்கிச் சேவைக்கு வழிதிறந்தது. 2011 இல் அமானா வங்கி முழுமையான இஸ்லாமிய வர்த்தக வங்கியாகச் செயற்படத் தொடங்கியது. வேறு பல வங்கிகளிலும் இதற்கெனத் தனிப் பிரிவுகள் இயங்குகின்றன. வீட்டுக்கு எந்த ஒப்பந்த முறையில் நிதி பெற்றீர்கள் என்பதைப் பொறுத்தே கணிப்பானின் விடை பொருந்துமா என்பது தீர்மானமாகும்.

வீடமைப்புக்குப் பரவலாகப் பயன்படுவது குறைந்து செல்லும் முஷாரகா. வங்கியும் நீங்களும் பங்காளிகளாக வீட்டை வாங்குகிறீர்கள். வங்கியின் பங்கு சிறு சிறு அலகுகளாகப் பிரிக்கப்படுகிறது. மாதந்தோறும் சில அலகுகளை வாங்குகிறீர்கள். வங்கியிடம் எஞ்சியிருக்கும் பங்குக்கு வாடகை கொடுக்கிறீர்கள். ஒப்பந்தத்தின் தன்மை முற்றிலும் வேறு. ஆனால் கூட்டல் கழித்தல் ஒத்துப்போகும். வங்கியின் பங்கு 60 இலட்சம், வாடகை ஆண்டுக்கு 12 சதவீத அளவில் நிர்ணயிக்கப்பட்டால், முதல் மாத வாடகை 60,000 ரூபா. வட்டி வீதம் கேட்கும் கட்டத்தில் வாடகை வீதத்தை இட்டுக் கணிப்பானைப் பயன்படுத்தலாம். மேலதிகப் பணம் என்பது இங்கே மேலதிக அலகுகளை வாங்குவதாகும். 5 இலட்சத்துக்கு அலகு வாங்கினால் அடுத்த மாதமே வாடகையில் 5,000 ரூபா குறையும். குறித்த காலத்துக்கு முன் கூடுதல் அலகு வாங்க ஒப்பந்தம் இடம் தருகிறதா, எந்த விலையில், வாடகை வீதம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மீளாய்வு செய்யப்படும் என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முராபஹா அப்படியல்ல. வங்கி பொருளை வாங்கி, தன் இலாபத்தைக் கூட்டி, உங்களுக்கு ஒரு நிர்ணய விலைக்குத் தவணையில் விற்றுவிடுகிறது. 10 இலட்சத்துக்கு வாங்கி 14 இலட்சத்துக்கு விற்றால், உங்கள் கடன் 14 இலட்சம். வீதம் ஏறினாலும் அது ஏறாது; அது உங்களுக்குப் பாதுகாப்பு. அதேவேளை முன்கூட்டிக் கட்டினாலும் விலை தானாகக் குறையாது. வங்கி விரும்பினால் தள்ளுபடி கொடுக்கலாம். ஆனால் அதை ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுதக் கூடாது என்பது அயோஃபி தர நியமங்களின் நிலைப்பாடு. ஆகவே முராபஹா தவணைகளைக் கணிப்பானில் இட்டு, "இவ்வளவு மிஞ்சும்" என்று மனக்கோட்டை கட்டாதீர்கள். அந்த விடை உங்கள் ஒப்பந்தத்துக்குரியதல்ல. கடந்த காலத்தில் முன்கூட்டித் தீர்த்தவர்களுக்கு என்ன நடைமுறையைப் பின்பற்றினீர்கள் என்று வங்கியிடம் நேரடியாகக் கேட்பதே வழி.

கணிப்பானுக்குத் தெரியாதவை

நிதி நிறுவனங்கள் சில, "வெறும் 8 சதவீதம்" என்று சொல்லும் வீதம் தட்டை வீதமாக இருக்கலாம். அதாவது மீதி குறைந்தாலும் ஆரம்பத் தொகைக்கே இறுதி வரை வட்டி கணக்கிடுவார்கள். 10 இலட்சத்துக்கு 8 சதவீதத் தட்டை வீதத்தில் ஐந்து வருட வட்டி 4 இலட்சம். மாதத் தவணை 23,333 ரூபா. இதைக் குறைந்து செல்லும் மீதிக் கணக்கில் பார்த்தால் வீதம் ஏறத்தாழ 14 சதவீதம். ஒருவர் சொல்லும் வீதத்தைக் கணிப்பானில் இட்டபோது வரும் தவணையும் அவர் சொல்லும் தவணையும் ஒத்துப்போகாவிட்டால், உங்கள் தொலைபேசியில் பிழை தேடாதீர்கள். எந்த முறையில் கணக்கிட்டீர்கள் என்று அவரிடமே கேளுங்கள்.

வெளிநாட்டுக் கணிப்பான்களிலும் கவனம் வேண்டும். அமெரிக்கக் கணிப்பான்கள் வீட்டு வரியையும் காப்புறுதியையும் தவணையோடு சேர்த்துக் காட்டும். கனடாவில் நிலையான வீதக் கடன்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி கூட்டும் முறை இருப்பதால், அந்நாட்டுக் கணிப்பானின் விடை நம் கணக்கோடு பொருந்தாது. பிரித்தானியாவின் நிலையான வீதக் கடன்கள் பலவற்றில், ஆண்டுக்கு மீதியின் 10 சதவீதம் வரை அபராதமின்றிக் கூடுதலாகக் கட்டலாம் என்ற சலுகை உண்டு. அங்கே வாழும் உறவினர் சொன்னதைக் கேட்டு இங்கேயும் அப்படித்தான் என்று எண்ண வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முன்கூட்டிக் கட்டுவதற்கான கட்டணத்தைக் கணிப்பான் அறியாது. உதாரணத்துக்கு, கட்டும் தொகையில் 3 சதவீதம் அறவிடப்படுமானால் 5 இலட்சத்துக்கு 15,000 ரூபா போகும். முதலாம் வருடத்தில் 17 இலட்சத்துக்கு மேல் மிஞ்சும்போது அது பெரிதல்ல. கடைசி வருடத்தில் அதுவே மிஞ்சுவதில் பெரும் பங்கைத் தின்றுவிடலாம்.

கடைக்கா, கடனுக்கா?

உத்தியோகத்தருக்கு இல்லாத ஒரு கேள்வி வியாபாரிக்கு உண்டு. கையிலுள்ள ஐந்து இலட்சத்தைக் கடனுக்குக் கட்டுவதா, சரக்கில் போடுவதா?

12 சதவீதக் கடனில் கட்டும் பணம், ஆண்டுக்கு 12 சதவீதத்தைச் சந்தேகமின்றி மிச்சப்படுத்துகிறது. சரக்கில் போடும் பணம் எல்லாச் செலவும் போக அதைவிடத் தெளிவாகக் கூடுதலாக உழைக்குமானால் சரக்கில் போடுவதே அறிவு. வருடத்துக்கு நான்கு முறை சுழலும் சரக்கில் ஒவ்வொரு சுழற்சிக்கும் 5 சதவீதம் தேறினால் 20 சதவீதம் வரும். ஆனால் தட்டில் தூங்கும் சரக்குக்கு இந்தக் கணக்குச் செல்லாது. கடந்த இரண்டு வருடக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து உண்மையான எண்ணைப் பாருங்கள். ஆசையை எண்ணாக எழுதாதீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சரக்கை விற்றுப் பணமாக்கலாம். கடனுக்குக் கட்டிய பணம் சுவருக்குள் போய்விட்டது, அவசரத்துக்குத் திரும்பி வராது. 2020 இல் ஊரடங்கின்போது கடைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2022 இல் எரிபொருளுக்கும் டொலருக்கும் நாடே வரிசையில் நின்றது. அப்படியான ஒரு காலத்தில் தவணை கட்டக் கையில் பணம் இல்லாவிட்டால், முந்திய வருடம் ஐந்து இலட்சம் கூடுதலாகக் கட்டியதை வங்கி தவணையாக ஏற்றுக்கொள்ளாது. ஆகக் குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதத் தவணைக்குரிய பணத்தைத் தனியே வைத்த பின்னரே மேலதிகக் கொடுப்பனவைப் பற்றி யோசியுங்கள். கடனட்டை மீதியோ நாள் வட்டிக் கடனோ இருந்தால் அவற்றைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். வீட்டுக் கடனை விட அவை வேகமாக வளர்பவை.

இந்த வாரமே செய்யக்கூடியவை

ஒன்று: உங்கள் ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்து, வீதம் நிலையானதா மாறுவதா, எப்போது மாறும், முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் என்ன என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

இரண்டு: வங்கியிடமிருந்து இன்றைய மீதியையும் எஞ்சிய மாதங்களையும் எழுத்தில் பெற்று, கணிப்பானில் இடுங்கள். கணிப்பான் சொல்லும் தவணையும் நீங்கள் கட்டும் தவணையும் சில நூறு ரூபா வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் விளக்கம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

மூன்று: மாதம் ஐயாயிரம், பத்தாயிரம், வருடத்துக்கு ஒருமுறை இரண்டு இலட்சம் என்று உங்களால் இயலக்கூடிய தொகைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். விடைகளை வீட்டாரோடும் பகிர்ந்துகொள்ளுங்கள். எத்தனையாம் ஆண்டில் கடன் தீரும் என்று குடும்பமே அறிந்திருந்தால், வீண் செலவு தானாகக் குறையும்.

நான்கு: கடைசித் தவணையோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஈட்டு முறியை விடுவித்து, அந்த விடுவிப்பைக் காணிப் பதிவகத்தில் பதிந்து, மூல உறுதியைக் கையில் பெறும் வரை கோப்பை மூடாதீர்கள். பல வருடங்களின் பின் பிள்ளைகள் அந்தக் காணியைப் பிரிக்கவோ விற்கவோ போகும்போது, தீர்ந்துபோன கடனொன்று பதிவேட்டில் மட்டும் உயிரோடிருந்து அவர்களை அலைக்கழிக்கக் கூடாது.

கடன் என்பது பிறருடைய பணம். அது எம்மிடம் தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை முன்கூட்டியே அறிந்துகொள்ள ஐந்து நிமிடமும் ஒரு கைத்தொலைபேசியும் போதும். கிலோவுக்கு ஐந்து ரூபா குறைக்கக் காட்டும் அக்கறையில் பாதியை இதில் காட்டினாலே இலட்சக்கணக்கில் மிஞ்சும்.